அம்மாக்கண்ணு வடித்த அரிசிச் சாராயம்

சின்னக்காடு தோட்டத்து மேல்டிவிசனில் அம்மாக்கண்ணு ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. மத்தியானம் மற்றப் பெண்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு கதை பேசும்போது அவள் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஓடைப்பக்கம் போய் வருவாள். எதற்குப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

புருசன் செல்லசாமி நாற்பத்தொன்பதில் தம்பி கல்யாணத்துக்கென்று இந்தியா போனவன். திரும்பி வருவதற்கு, இந்த நாட்டுக்காரன்தான் என்று காட்ட அந்தக் கடுதாசி, இந்தக் கடுதாசி என்று அதிகாரிகள் கேட்டார்கள். இரண்டு வருசம் எழுதிக்கொண்டிருந்தான். பிறகு எழுத்தும் நின்றது. அப்போது அவளுக்கு முப்பது வயது. பிள்ளை கிடையாது. அன்றிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்காமல் போயிற்று.

அடுத்த வருசத்து மழையில் கூரைத் தகரம் ஒழுகி அரிசிச் சாக்கு நனைந்தது. புளித்த அரிசியைக் கொட்ட மனசில்லாமல் பானையில் போட்டு வைத்தாள். முதல் தடவை வடித்தது வெறும் புளித்தண்ணீர். இரண்டாம் தடவை அடிப்பிடித்து லயத்து வீட்டு வரிசையே நாறியது. மூன்றாம் தடவை மூங்கில் குழாய் வழியாகச் சொட்டியதை ஒரு கரண்டியில் பிடித்து நெருப்புக் காட்டினாள். நீலமாக எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். மலையில் எந்தத் தேயிலை நிரையில் இறங்குவது, எப்போது கூடையை இறக்குவது, எல்லாம் கங்காணி சொல்லித்தான் நடக்கும். இந்தப் பானையில் நடப்பது மட்டும் அவள் சொன்னபடி நடந்தது.

றொசல்ல ஸ்டேசன் பக்கத்தில் நஸாரின் கடையில் குரக்கன் என்ற கேழ்வரகு வாங்குவாள். “இவ்வளவு குரக்கன் எதுக்கு புள்ள?” என்று அவர் முதல் மாசம் மட்டும் கேட்டார். “களி கிண்டத்தான் மொதலாளி,” என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பின்னேரம் மலையில் பனிமூட்டம் இறங்கும் நேரமாகப் பார்த்து அடுப்பை மூட்டுவாள். புகை எது, பனி எது என்று தெரியாது. ஆனாலும் ஊறல் போட்ட பானையை ஒரே இடத்தில் நாலு நாளுக்கு மேல் விடமாட்டாள். புதரிலிருந்து பாறையிடுக்கு, அங்கிருந்து மாட்டுக்கொட்டில் என்று தூக்கிக்கொண்டே திரிவாள். வடித்ததை லயத்து ஆட்களுக்கு விற்றாள், அவள் குடித்ததில்லை.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருந்தவர் அழகன். பெண்சாதியை இழந்தவர், ஐம்பதை நெருங்கியவர். சாராயம் தொடமாட்டார். வாடை வந்தால் சுவரைத் தட்டுவார்.

“இது ஒரு நாளு லயத்துக்கே வினையாகப் போவுது தங்கச்சி.”

“ஒங்களுக்கு ஒண்ணும் வராது அண்ணே. வந்தா நான் பாத்துக்கறேன்.”

ஐம்பத்தாறாம் வருசம் தை மாசம், கீழ்டிவிசனுக்குக் கள்ளச் சாராயம் பிடிக்கும் மதுவரிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று மலையில் செய்தி பரவியது. அம்மாக்கண்ணு கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். பானை அப்போது பாறையிடுக்கில் இருந்தது. அது அங்கேயே இருந்திருந்தால் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பானையையும் மேல்சட்டியையும் தூக்கிப்போய், ஓடையோரம் அழகன் போட்டிருந்த போஞ்சிக்காய்த் தோட்டத்துக் குப்பைக்குழியில் வைத்து எரு போட்டு மூடினாள்.

மேலே ஏறி வந்த மதுவரிக்காரர்கள் கையில் இரும்புக்கம்பி இருந்தது. குழியில் இரண்டாவது குத்திலேயே அது பானையில் முட்டியது. தோட்டம் யாருடையது என்று கேட்டார்கள். அழகன் தன்னுடையது என்றார். பானை யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அவரை ஜீப்பில் ஏற்றியபோது அம்மாக்கண்ணு இருபது அடி தள்ளி நின்றிருந்தாள். அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்.

வழக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அழகனை உள்ளேயே வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொழுந்தில் கை ஓடவில்லை, கங்காணி இரண்டு தடவை ஏசினார். பக்கத்து நிரை அழகம்மா, “நீ பேசாம இரு. ஆம்பிளை, கொஞ்ச நாளு உள்ள இருந்துட்டு வந்துருவாரு,” என்றாள். நல்லதுக்குச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டபிறகு அம்மாக்கண்ணு அவள் பக்கம் திரும்பாமலே கொழுந்து கிள்ளினாள்.

வழக்கன்று, விடிய ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் றொசல்ல ஸ்டேசனுக்கு நடந்து, அட்டனுக்கு ரயில் ஏறினாள். நீதவான் கோட்டுக் கட்டடத்தை மூன்று சுற்று சுற்றினாள். நாலாவது சுற்றில் அழகனின் பெயரைக் கூப்பிடும் சத்தம் வெளியே கேட்டது. உள்ளே போய்விட்டாள்.

“அந்தப் பானை என்னுதுங்க. அண்ணன விட்டுருங்க,” என்றாள்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். மொழிபெயர்ப்பவர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். “அண்ணனைக் காப்பாத்த வந்தியான்னு ஐயா கேக்கறாரு.”

“கூடப் பொறந்த அண்ணன் இல்லீங்க. பக்கத்துக் காம்பரா.”

“அப்படின்னா இதை எப்படிச் செய்யறதுன்னு சொல்லு.”

மேசைமேல் சான்றாக வைத்திருந்த பானையை அவள் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

“குருணையக் கஞ்சியாக் காச்சி ஆற வைக்கணுங்க. கை பொறுக்கற சூட்டுல, மொளகட்டுன குரக்கன இடிச்சுக் கலக்கணும். நாலாம் நாளு உள்ள சத்தம் கேக்கும். சத்தம் அடங்கி, மேல தெளிஞ்சாத்தான் அடுப்புல ஏத்தலாம். மேல்சட்டியில பச்சத்தண்ணி. அது சூடேற ஏற மாத்திக்கிட்டே இருக்கணும். நம்ம ஓடத்தண்ணி குளுருக்கு ஒம்பது தரம் மாத்துனாப் போதும். மொதல்ல எறங்கற ஒரு கோப்பைய யாருக்கும் குடுக்கமாட்டேன். மண்ணுல ஊத்திருவேன். அது கண்ணுக்கு ஆகாது.”

பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். மதுவரி அதிகாரி எழுந்து, பானை வாயில் என்ன பூசியிருந்தது என்று கேட்டார்.

“களிமண்ணும் சாம்பலும். சாணி பூசுனா வாடை உள்ள ஏறும்.”

அவர் பானையைத் திருப்பி விளிம்பைச் சுரண்டினார். நீதவானைப் பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டினார்.

அழகனை விட்டார்கள். அவளுக்கு ஆறு வாரம்.

சிறையில் கல் உடைப்பதோ வசவோ பெரிதாகத் தெரியவில்லை. சும்மா இருக்கும் நேரம்தான் தாங்கவில்லை. அறைக்குள்ளேயே நடந்தாள். அழகனுக்காகத்தான் பேசினோமா, இல்லை, நாலு பெரிய மனுசருக்கு முன்னால் தன் கைவேலையைச் சொல்ல ஆசைப்பட்டுப் பேசினோமா என்று யோசித்தாள். சொல்லும்போது மனசுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது உண்மை. அதை நினைத்தால் கூசியது.

வெளியே வந்த அன்று வாசலில் அழகன் நின்றிருந்தார். கையில் அவளுடைய துணிமூட்டை. தோட்டத்துத் துரை அவள் பெயரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார், காம்பராவில் வேறு ஆள் குடிவந்தாயிற்று என்றார்.

“ஏண்ணே, பானை என்னுதுன்னு நீங்க சொல்லல?”

“சொல்லிட்டு, அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் எப்பிடிப் படுக்கறது?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஆனா எங் குழியில ஏன் வச்சே?” என்று கேட்டார்.

“அங்க தேடமாட்டாங்கன்னு நெனச்சேன். ஒங்கள யாரு சந்தேகப்படுவா?”

அவர் ஏசாமல் துணிமூட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அது அவளுக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளுக்குப் பேர் பதிந்தார்கள். அவள் போய்ச் சேருமுன்பே கோட்டில் பேசிய கதை அங்கே போய்விட்டிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேர் வாசலில் நின்று, “அக்கா, ஒரு பானை மட்டும்,” என்றார்கள். முடியாது என்றாள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். இன்னொரு தடவை கேட்டால் சரி என்றுவிடுவோம் என்று பயந்து, மூன்றாம் ஞாயிறு அவர்கள் வருமுன்பே கதவைப் பூட்டிக்கொண்டு, மலைப்பாதையில் எதிர்ப்பட்டவர்களிடம் எங்கே போகிறேன் என்று சொல்லத் தெரியாமல், அக்கரப்பத்தனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.