நான் அடித்த போர்டும் நான் மாட்டிய ஃபேனும்

‘வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள்’ என்று ஒரு பட்டாசு ஆலைக்கு போர்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதே போர்டுக்கு நேர் கீழே இன்ஜினை ஓடவிட்டு, ஏசி காற்றில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த புத்திசாலியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான்.

நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி சீசன் நேரம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம். சிவகாசியில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. நாற்பத்தேழு வயதில் வரக்கூடாத ஆசை வந்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தேன். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உயரம். என் தொந்தியோடு அதில் ஏறுவது ஒரு வித்தை, இறங்குவது இன்னொரு வித்தை. ஒரே ஒரு முறை ஏறிய என் மனைவி, “இதுக்குப் பாயில படுத்துக்கிட்டே விருதுநகர் போயிரலாம்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி. ஓடும்போது ஒன்றும் செய்யாது. ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் போய்விட்டது என்றார் மெக்கானிக். புது மோட்டார் வாங்கினேன். ஆனால் மாட்டும் வேலையை அவரிடம் கொடுக்கவில்லை. ஆஃப்செட் மிஷினையே கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு ஃபேன் எம்மாத்திரம் என்ற திமிர். இரண்டே வயர்தான். மாட்டினேன், ஃபேன் சுற்றியது. சுற்றினால் சரிதானே? மறுநாள் காலை, புது லேபிள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அந்த ஆலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மேற்பார்வையாளர் வரும்வரை வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். காவலாளி, அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர், கண்ணாடியைத் தட்டினார்.

“இன்ஜின அமத்துங்க.”

“ரெண்டே நிமிசம் அண்ணாச்சி, புழுக்கம் தாங்கல” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது முன்னால் ரோடு தெரியவில்லை. பானட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கிளம்பிக்கொண்டிருந்தது. நான் சாவியைத் திருகி அணைப்பதற்குள் காவலாளி ஓடிப்போய் மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவர்கூடக் கத்தவில்லை. அறுபது எழுபது பெண்கள், கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி, வெறுங்காலோடு பின்வாசல் வழியாகத் தரிசுக்காட்டுக்குள் ஓடினார்கள். மணிக்கட்டு வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி. தூரத்தில் போய் நின்று, யார் வந்துவிட்டார்கள், யார் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார். காரைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார். “என்னய்யா இது, வெந்நி ஆவிக்கா மணி அடிச்சீரு? லோடு ஏத்துற நேரத்துல!” என்று காவலாளியிடம் பாய்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “வண்டில ஏதும் கோளாறா?”

என் அடுத்த முட்டாள்தனம் இங்கே. ஆர்டர் கொடுக்கிற மனிதர் முன்னால் அசடு வழிய மனம் வரவில்லை. “வண்டில ஒண்ணுமில்லீங்க, ஃபேன்கூடப் புதுசு. உங்களுக்குக் காப்பி போடலாம்னு தண்ணி கொதிக்க வச்சேன், அண்ணாச்சி பயந்துட்டாரு” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு அவர் காவலாளியிடம், “நாளையில இருந்து வர வேண்டாம்” என்றார்.

“அமத்தச் சொன்னேன்யா” என்று மட்டும் சொன்னார் காவலாளி. என்னைத் தவிர யார் காதிலும் விழாத குரலில்.

சூடான வண்டி வாசலை விட்டுப் போனால்தான் உள்ளே வேலை ஆரம்பிக்கலாம் என்று உத்தரவு. தொழிலாளர்களைக் கூட்டிவரும் வேன் டிரைவரும் ஏழெட்டுப் பெண்களும் தள்ள வந்தார்கள். நான் பெருந்தன்மையாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

“ஏலே, சின்ன வண்டி, இம்புட்டுக் கனக்குதே?” என்றது ஒரு குரல்.

“வண்டி கனக்கல யக்கா, ஓனரு உள்ள இருக்காக.”

இறங்கித் தள்ளினேன். கால் பர்லாங் தள்ளியிருந்த பாலத்தைத் தாண்டி நிறுத்தினோம். பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். டிரைவர் மட்டும் நின்றார். அரைமணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஃபேன் சுற்றத் தொடங்கியதும், “பேப்பர் இருக்கா?” என்றார். லேபிள் மாதிரி ஒன்றைக் கொடுத்தேன். அதைக் காரின் முன்பக்க வலைக்கு எதிரே பிடித்தார்.

“ஃபேன் காத்த உள்ள இழுக்கணும். பேப்பரு பச்சக்குன்னு ஒட்டணும்” என்று சொல்லிக் கையை விட்டார்.

என் ராக்கெட் படம் போட்ட லேபிள், உண்மையான ராக்கெட்டாகப் பறந்துபோய் முள்செடியில் மாட்டிக்கொண்டது.

“வெளிய தள்ளுது. எந்தப் பய வயரத் திருப்பி மாட்டுனது?”

“அந்தப் பய நான்தான்” என்றேன்.

இரண்டு வயரையும் மாற்றி மாட்டினார். அடுத்த லேபிள் வலையில் ஒட்டிக்கொண்டது. கால்மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஓடும்போது எதிர்காற்று என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நின்றபோது நானே மாட்டிய ஃபேன் காட்டிக்கொடுத்துவிட்டது. காற்றை உறிஞ்சித்தான் என் மிஷின் ஒவ்வொரு தாளையும் தூக்குகிறது. இருபது வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இது உறைக்கவில்லை.

வண்டி தயார். சிவகாசியைப் பார்த்துத்தான் நின்றது. அப்படியே போயிருக்கலாம். ஆனால் அங்கிருந்து பார்த்தால், போர்டுக்குக் கீழே காவலாளி தன் தூக்குச்சட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

நடந்தே வாசலுக்குப் போனேன். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். வயரைத் தப்பாக மாட்டியது நான், அணைக்கச் சொல்லியும் அணைக்காதது நான், தலைக்கு மேலே இருக்கிற போர்டை அடித்தவனும் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எந்த வேடிக்கைப் பேச்சும் என் வாயில் வரவில்லை.

தண்ணீர் பிடிக்க வந்திருந்த ஒரு பெண் குறுக்கே பேசினார். “ஆவியா, பொகையான்னு கிட்ட போயிப் பாத்துட்டு மணி அடிச்சா, ஓடுறதுக்கு நாங்க இருக்க மாட்டோம்யா. நாளைக்கும் அவுகளே அடிக்கட்டும்.”

மேற்பார்வையாளர் காவலாளியிடம், “பைய உள்ள வையும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் எங்கேயாவது கேட்டில் நிற்கும்போது முதலில் இன்ஜினைத்தான் அணைக்கிறேன். சத்தம் அடங்கியதும், அந்தக் காட்டுக்குள் பேச்சில்லாமல் ஓடிய கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன, என் காப்பி ஜோக் இன்னும் தொண்டையில் கசக்கிறது.

அது நடந்து பத்து நாள் கழித்து லேபிள் கட்டுகளோடு அதே ஆலைக்குப் போனேன். வாசல் வருவதற்கு முன்பே இன்ஜினை அணைத்து, உருண்டு வந்து நின்று, சாவியைத் தூக்கிக் காட்டினேன். “அண்ணாச்சி, ஃபேனு இப்ப ஒழுங்கா ஓடுது. முள்ளு அசையவே மாட்டேங்கு. இனிமே ஒரு பயமும் இல்ல” என்றேன் பல்லெல்லாம் தெரிய.

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாலத்துப் பக்கம் கையை நீட்டினார்.

“தள்ளி நிப்பாட்டுங்க.”