கேன்டீன் அக்கா வரும் காட்சி

பெர்மாஸ் ஜெயாவில், கடைவீட்டு மாடியில் இருந்த, தொலைக்காட்சிக்கு டெலிமூவி எடுக்கும் எங்கள் தயாரிப்பு அலுவலகத்துக்குத் திரைக்கதை விற்க வருபவர்கள், எழுதியதைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. எதிரில் உட்கார்ந்து முழுப் படத்தையும் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். தெப்ராவ் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் சீருடைச் சட்டை, படிய வாரிய நரைமுடி, மடியில் ஹெல்மெட்.

“கட் பண்ணா, கேன்டீன்” என்று ஆரம்பித்தார். கதாநாயகிக்குக்கூட அசையாதவர், கேன்டீன் அக்கா வரும் காட்சிகளில் மட்டும் எழுந்து நின்றார். காட்சி முடிந்த பிறகே உட்கார்ந்தார்.

“ஏண்ணே எழுந்திரிக்கிறீங்க?”

“அவங்க நிக்கிறாங்கல்ல. நான் எப்படி உக்கார்றது?”

கதை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரேயொரு மாற்றம்தான் கேட்டேன்.

“டெலிமூவிக்கு ஆள் அதிகம்லா. அந்த அக்காவ எடுத்துட்டா இப்பவே பேசி முடிச்சிரலாம்.”

அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டின் வாரை நீவிக்கொண்டே இருந்தார்.

“‘நீங்க வேணாம்’னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?” என்றார், என்னிடம் யோசனை கேட்பதுபோல.

குடித்த தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த அக்கா யார் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் கதவருகே போய்விட்டார்.

கதவைத் திறந்தவர் உடனே வெளியேறவில்லை. கதவைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி, யாரோ தனக்கு முன்னால் போகட்டும் என்பதுபோல நின்றார். பிறகுதான் அவரும் படியிறங்கினார்.