லோதி ரோட்டில் காலை ஆட்டம்

ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம், வந்தவர்களைச் சுவரிலிருந்து பிரித்து ஹாலுக்கு நடுவே கொண்டுவருவதிலேயே போய்விடும்.

நான் விமானப்படையில் பி.டி. பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் ஜெபராஜ், ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி நிர்மலா டில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருப்பதால் இங்கேயே தங்கிவிட்டோம். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், லோதி ரோடு பக்கம் ஒரு அரசுக் குடியிருப்பில் காலை வேளையில் பூட்டிக் கிடந்த கல்யாண ஹாலைக் கேட்டு வாங்கி உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தேன். முதல் வாரம் வந்தவர்கள் இரண்டாம் வாரம் வரவில்லை. "ரெக்ரூட்டை மிரட்டுத மாதிரி மிரட்டினா யாரு வருவா? ஒரு பாட்டைப் போடுங்க" என்றாள் நிர்மலா. போட்டேன். கூட்டம் வந்தது. அன்றிலிருந்து நான் டான்ஸ் மாஸ்டர்.

உட்கார்ந்தே வேலை பார்த்து, உட்கார்ந்தே வீடு திரும்பி, உட்கார்ந்தே டி.வி. பார்த்து, எழுந்திருக்கும்போது மட்டும் "அம்மா" என்று முனகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கமாட்டேன். தூக்க முடியாது என்று தெரியும்.

பெட்ஷீட்

அந்த ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தலைப்பாகையையும் புடவை மடிப்பையும் சரிசெய்துகொள்ள வைத்தது. பாட்டுப் போட்ட முதல் நாள் வந்த பெண்கள் எல்லோரும் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அசையவில்லை. எல்லோர் கண்ணும் கண்ணாடியில் தெரிந்த தத்தம் வயிற்றின் மேல்தான் இருந்தது. பள்ளி ஆசிரியை கோஹ்லி மேடம் துப்பட்டாவை இழுத்து இழுத்து இடுப்பை மூடிக்கொண்டே ஒரு மணி நேரத்தையும் கழித்துவிட்டார்.

மறுநாள் வீட்டிலிருந்து பெரிய பெட்ஷீட்டுகளைக் கொண்டுபோய் கண்ணாடியை மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் சுவரை விட்டு நகர்ந்தார்கள். கோஹ்லி மேடம் துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஹாலுக்கு நடுவே வந்து ஆடினார். போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டே இந்தியில் சொன்னார்: "மாஸ்டர்ஜி, கண்ணாடி பார்க்காததால் நான் சந்தோஷமாக இருந்தது என் வாழ்க்கையில் இன்றைக்குத்தான்."

அதிகாரம் இல்லாத கை

சாரநாதன் சாருக்குக் கும்பகோணம். ஒரு அமைச்சகத்தில் துணைச் செயலாளர். வலது தோள் இறுகிப்போய் கை மேலே போகவில்லை. வைத்தியம் பார்த்தாயிற்று. இனி தினமும் கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக அசைக்க அலுத்துப்போய் நின்றுவிடுகிறார் என்று அவர் மனைவி வைதேகி மாமி இங்கே கூட்டிவந்தார். சட்டையை இன் செய்து, பெல்ட் போட்டு, ஆபீசுக்குப் போகிற கோலத்திலேயே வருவார். ஃபைலில் கையெழுத்துப் போடும் உயரம் வரைக்கும் கை வரும். அங்கே நிற்கும். "இதுக்கு மேலே எனக்கு அதிகாரம் இல்லை மாஸ்டர்" என்பார்.

பஞ்சாபிப் பாட்டுக்கு இரண்டு கையையும் மேலே தூக்காமல் ஆடமுடியாது. வலி தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், நாளைக்கு அதே இடத்துக்கு மறுபடியும் வாருங்கள், அவசரம் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பக்கத்தில் ஆடுகிறவர்களைப் பார்த்துக் கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. குளிர்காலம் முடிவதற்குள் காதைத் தாண்டியது. ஒருநாள் மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாஸ்டர், கல்யாணமான நாளா எட்டாதுன்னு சொல்லிண்டிருந்த லாஃப்டை நேத்து அவரே சுத்தம் பண்ணினார். தோள்வலி வந்தது போன வருஷம்தான், இப்போதான் எனக்கு விஷயம் புரியறது."

திறந்த கதவு

ஒரு ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு காலனிப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாரோ புகார் செய்துவிட்டார்கள். காலனி சங்கத்தின் செயலாளர் தியாகிஜி நேரில் வந்தார். வகுப்பையே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டதில் கொஞ்சம் இறங்கிவந்து, "சரி, நடக்கட்டும். ஆனால் கதவு திறந்தே இருக்கவேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். திறந்து வைத்தோம். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து சேர்ந்துகொண்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் தியாகிஜியின் மனைவியும் ஒருவர்.

ஜனவரி வந்தது. டில்லி ஜனவரியை அனுபவித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்து எங்களோடு ஆடியது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடினால் கை மடங்கமாட்டேன் என்கிறது. கதவைச் சாத்த எனக்குத் தைரியம் இல்லை. திருமதி தியாகி பாட்டின் நடுவே நேராகப் போய்க் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பாட்டை நிறுத்தாதீர்கள் மாஸ்டர்ஜி. கதவைத் திறந்து வைக்கச் சொன்னவர் வீட்டில் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்."

அடுத்த ஸ்டெப்

நிவேதிதா டில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயதிலேயே முதுகுவலி. நாள் முழுக்க மீட்டிங், எப்போது எழுந்திருப்பது என்று கேட்டாள். நீ பேசவேண்டாத மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, நின்றபடி காலையில் ஆடியதையே மெதுவாக ஆடிக்கொண்டு கேள் என்று சொன்னேன். முதுகு தேவலை என்றாள். அப்புறம் ஒருநாள் முகம் சிவக்க ஓடிவந்தாள். "அங்கிள், நேத்து கேமரா ஆஃப் பண்றதுக்கு பூல் கயி, மறந்தே போச்சு. எல்லாரும் பாத்துட்டாங்க. மேனேஜர் 'அச்சா நிவேதிதா, அடுத்த ஸ்டெப் என்ன?'ன்னு கேட்டாரு. பிராஜெக்ட்டைக் கேட்டாரா டான்ஸைக் கேட்டாரான்னு இன்னும் தெரியலை."

டியூட்டி முடிந்து வருகிறவர்

ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. நிர்மலா வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். இரவு டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே பஸ் ஏறி வந்துவிடுவாள். கடைசி வரிசையில் நிற்பாள். நான் காட்டும் எதையும் செய்யமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக்கு இடமும் வலமும் அசைந்துகொண்டிருப்பாள், அவ்வளவுதான். பி.டி.க்காரனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். ஆனால் நிர்மலா முன்னாலேயே எச்சரித்திருந்தாள்: "அவளைத் திருத்தப் போகாதீங்க. அவ இருக்கது ஐ.சி.யு.வுல."

ஒருநாள் அசைந்துகொண்டே அழுதாள். அழுகை நிற்கவில்லை, அசைவும் நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்த கோஹ்லி மேடம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பின்னால் போய் அவள் பக்கத்தில் நின்று, அவளைப் போலவே இடமும் வலமும் அசைந்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் முடிந்தது. வகுப்பு கலைந்த பிறகு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "ராத்திரி பூரா மத்தவங்க உடம்பைத் திருப்பிப் போட்டு, தூக்கி உக்கார வச்சிட்டு வாறேன் அண்ணாச்சி. எனக்கும் ஒரு உடம்பு இருக்குன்னு இங்க வந்தாத்தான் ஞாபகம் வருது."

வாசலில் நின்றவர்

தங்கவேலுவுக்கு ஈரோடு. மத்திய அரசுக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், குரல் தணிந்துவிட்டது. நடந்துகொண்டே இருப்பார், வாசற்படி வந்தால் காலைத் தரையில் ஒட்டிவைத்த மாதிரி நின்றுவிடுவார். வேடிக்கை பார்க்கவாவது வரட்டும் என்று அவர் மனைவி மல்லிகா கூட்டிவந்தார். எங்கள் ஹால் வாசலிலும் அப்படியே நின்றார். மல்லிகா கையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கக் கால் இன்னும் இறுகியது. நான் பழைய வழக்கத்தில் உரக்க "லெஃப்ட், ரைட்" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் மல்லிகாவின் தோளைப் பற்றிக்கொண்டார். அதே நேரம் உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. டோலக் பளிச்சென்று விழும் பாட்டு. அவர் தலை ஆடியது. வலது கால் எழுந்தது. படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வந்துவிட்டோம் என்பது அவருக்கே நம்பமுடியவில்லை.

அன்று மாலை நிர்மலாவிடம் சொன்னேன். "நீங்களா எதுவும் செய்யாதீங்க, அவுக டாக்டரைக் கேளுங்க" என்றாள். கேட்டோம். சிலருக்கு இப்படித் தாளம் கேட்டால் கால் கிளம்பும், மருந்தை விடக்கூடாது, பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கவேண்டும், அந்தக் கவனத்தோடு ஆடலாம் என்று சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் மல்லிகா சொன்னார்: "இத்தனை நாளாக் கையப் புடிச்சு இழுத்தனுங்க, வாசல்ல நின்னுட்டே திட்டுனாரு. இனிமே தாளம் போட்டுப் பாடறனுங்க. அப்பவும் திட்டுவாரு, ஆனா உள்ள வந்து திட்டுவாரு."

மெட்ரோவில்

கொஞ்ச நாளில் தங்கவேலு தினமும் வந்தார். இரண்டு பக்கமும் ஆள் நிற்க, பாட்டுக்குக் காலை மாற்றி மாற்றி வைப்பார். வீட்டில் மல்லிகா நிலைக்கதவில் தாளம் தட்டினால் அறைக்கு அறை போய்வர முடிந்தது. தைரியம் வந்து இருவரும் மெட்ரோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். இறங்கவேண்டிய ஸ்டேஷன். பெட்டியின் வாசலில் அவர் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் இருப்பவர்கள் "ஜல்தி, ஜல்தி" என்கிறார்கள். கதவு மூடப்போகும் மணி அடிக்கிறது. நாலு பேர் முன்னால் பேசவே கூசும் மல்லிகா, கைதட்டித் தொண்டையைத் திறந்து பாடிவிட்டார். தங்கவேலு பிளாட்பாரத்தில் காலை வைத்தார். உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், இவர்கள் பாடிப் பிச்சை கேட்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாராம்.

இதைச் சொல்லும்போது மல்லிகா அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "வாங்கிக்கலாம்னு கைய நீட்டிட்டனுங்க மாஸ்டர். அதுக்குள்ள கதவு சாத்திருச்சு."

கேட்டுப் பார்த்தது

போன மழைக்காலத்தில் தங்கவேலு குளியலறையில் விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நிற்கவே பயம். டாக்டரும் நின்று ஆடவேண்டாம் என்றுவிட்டார். நான் பார்க்கப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. என்னைப் பார்த்து விரலை மட்டும் தூக்கினார். நான் எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தேன்.

மல்லிகா படிக்கட்டு வரை வந்தார். கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இவருக்குச் சரியாயிருமுங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, "இல்லைம்மா, கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தியாகத்தான் செய்யும். ஆடினா இருக்கிற நாள் கொஞ்சம் நல்லா போகும், அவ்வளவுதான்" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியுமுங்க. யாராச்சும் வேற மாதிரி சொல்றாங்களான்னு கேட்டுப் பார்த்தேன்."

நாற்காலி ஆட்டம்

வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஹால் மூலையில் கல்யாண நாற்காலிகள் அடுக்கி அடுக்கிக் கிடந்தன. கோஹ்லி மேடம் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதிலேயே ஆடினால் என்ன?" என்றார். புதன்கிழமைகளில் எல்லோரும் நாற்காலியிலேயே ஆடுவது என்று முடிவானது. சாரநாதன் சார், "உட்கார்ந்தே வேலை பார்க்கறதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு" என்று முதல் ஆளாகச் சம்மதித்தார். அவரும் ஸ்டெல்லாவும் போய்த் தங்கவேலுவைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். பாட்டைப் போட்டேன். கை, தோள், கழுத்து, உட்கார்ந்தபடியே குதிகால். தங்கவேலு முதல் பாட்டுக்குச் சும்மா இருந்தார். இரண்டாவது பாட்டில் நடுங்கும் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. மூன்றாவதில் இரண்டு கையும் மார்புவரை வந்தன. மல்லிகா அவரைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு ஆடினார், பார்த்தால் தாங்காது என்று இருந்திருக்கும். பாட்டு முடிந்ததும் தங்கவேலு என்னை அருகில் வரச் சொல்லிச் சைகை செய்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்து காதைக் கொடுத்தேன். மிக மெல்லிய குரலில், ஆனால் தெளிவாகச் சொன்னார்: "மாஸ்டர், நீங்க தாளத்துக்கு முன்னாடியே போயிடறீங்க. என்னைப் பாத்து ஆடுங்க."

டில்லியில் இத்தனை காலம் இருந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: உடம்பும் சர்க்கார் ஆபீஸ் மாதிரி, தினமும் நேரில் போய் நின்றால்தான் ஏதோ கொஞ்சமாவது நகரும்.