கழற்றிய ஃபேனின் சத்தம்

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. நடந்த நாள் 2004 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. நடந்த இடம் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை. நள்ளிரவும் இல்லை, அமாவாசையும் இல்லை. சாயந்தரம் நாலு மணி சுமார். சாட்சி இரண்டு பேர். ஒருவர் லோடுமேன் அஸ்லம். அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பாதையில் லாரி ஏறியதே இல்லை. இன்னொருத்தி பவானி. அவள் மறுநாளே ஏறினாள்.

பவானிக்குச் சின்னமனூர். அப்போது வயது முப்பத்தாறு. புருஷன் சுரேஷ்கண்ணன் லாரி டிரைவர். சர்க்கரையில் அவனுக்குக் கண் மங்கிப் போனது. வைத்த டிரைவர்கள் ஆளுக்கு இரண்டு மாதம் கூடத் தங்கவில்லை. மூன்றாவது ஆளும் வேலையை விட்டபோது, அவனிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அவளே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். சேலைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை. கழுத்தில் பச்சைத் துண்டு. டீக்கடையில் சிரித்தார்கள். அதே கடை வாசலில் வண்டியை நிறுத்தி, டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவாள்.

வண்டி, பானெட் முன்னால் நீண்டிருக்கும் பழைய மூக்கு லாரி. வடுகபட்டி கர்ணனிடம் முந்தின வருஷம் வாங்கியது. சமவெளியில் குதிரை மாதிரி ஓடும். குமுளி மேடு ஏறினால் மட்டும் இரண்டாவது வளைவிலேயே ரேடியேட்டர் கொதித்துவிடும். ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். குமுளியில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த நூர் முகம்மது பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டார். அவளுக்கு நிரந்தரமாக இருந்த லோடு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் வண்டியைக் கம்பத்துக்குக் கொண்டுபோனாள். ஆசாத் அங்கே ஆட்டோ எலக்ட்ரீசியன். பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"இந்த ஃபேனு பெல்ட்டுல சுத்துதுக்கா. மேட்டுல வண்டி தெணறும்போது இதுவும் சேந்து தெணறும். இன்ஜினோட இழுவையிலயும் ஒரு பங்க இதுவே தின்னுரும். கழட்டிட்டு கரண்டு ஃபேனு ரெண்டு போட்டுருவோம். வண்டி நின்னாக்கூட அது முழு வேகத்துல சுத்தும்."

"போடு" என்றாள் பவானி.

பேட்டரி வயரைக் கழற்றினான். பெல்ட்டை எடுத்துக் கீழே வைத்தான். நாலு றெக்கை வைத்த இரும்பு ஃபேன். போல்ட்டில் ஸ்பானரை வைத்தான். மணி பதினொன்று இருபது.

ஃபேன் கால் சுற்று சுற்றி, அவன் விரலைத் தட்டியது.

ஆசாத் கையை எடுத்துக்கொண்டான். பெல்ட் தரையில் கிடந்தது. மூன்று பக்கம் சுவர் வைத்த ஷெட். ஒரு துணி கூட ஆடவில்லை.

"என்னடா?"

"தெரியலக்கா. காத்தா இருக்கும்..."

"காத்து எங்கன அடிக்குது? கழட்டு."

கழற்றினான். கரண்டு ஃபேன் இரண்டையும் பொருத்தினான். தண்ணீர் பம்பை ஓட்ட வேண்டியிருந்ததால் பெல்ட்டைத் திரும்ப மாட்டினான். டேஷ்போர்டில் ஒரு சுவிட்சு வைத்தான். பக்கத்தில் சின்னச் சிவப்பு பல்பு. ஃபேன் ஓடினால் பல்பு எரியும். பழைய ஃபேன் அன்றைக்கே பழைய இரும்புக்காரனின் தள்ளுவண்டியில் போய்விட்டது.

மறுநாள் மதியம் ஒன்றரைக்கு வாழைத்தார் ஏற்றிக் கிளம்பினார்கள். அஸ்லம் உத்தமபாளையத்துக்காரர். ஐந்து வேளையும் தொழுகிற, ஐம்பது வயது ஆள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூடலூர் தாண்டும்போது தூறல். லோயர் கேம்ப்பில் மணி மூன்று நாற்பது. மலை பாதிக்கு மேல் மஞ்சு மூட்டத்தில் மறைந்திருந்தது. பவர் ஹவுசுக்கு இறங்கும் பெரிய குழாய்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தன.

சுவிட்சைப் போட்டாள். சிவப்பு பல்பு எரிந்தது. வண்டி ஏறியது.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. இத்தனை நாள் இந்த வண்டி இப்படி இழுத்ததே இல்லை. பவானி சிரித்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பல்பு அணைந்தது.

ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்தாள். ஃபேன் நின்றால் சூடு ஏறும். முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். முள் ஏறவில்லை. மெல்ல... இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

ஹோ...ஓ...ஓ...

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடியது. காலை எடுத்தால் குறைந்தது. கரண்டு ஃபேன் அப்படிச் சத்தம் போடாது. அதற்கு எப்போதும் ஒரே சுருதி.

"இது பழைய ஃபேனு சத்தமுல்ல" என்றார் அஸ்லம்.

"அத இரும்புக்குப் போட்டாச்சுண்ணே."

"போட்டாச்சு. ஆனா கேக்குதே..."

பவானி கியரைக் குறைத்தாள். எதிரே மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. விளக்கை விட்டு விட்டுப் போட்டது. பக்கத்தில் வந்ததும் அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கோபமான முகம்.

"ஏம்மா, பம்பர்ல ஆள உக்கார வச்சுக்கிட்டா மேடு ஏறுவாக? விழுந்தா யாரு பதில் சொல்றது?"

பஸ் போய்விட்டது.

இரண்டு பேரும் முன்னால் பார்த்தார்கள். நீண்ட பானெட். அதற்கு அப்பால் மஞ்சு. பம்பரில் ஆள் உட்கார்ந்தால் உள்ளேயிருந்து தெரியாது.

"நிறுத்தாத தாயி. ஓட்டு... மேல போயிருவோம்" என்றார் அஸ்லம்.

"என் வண்டியில எனக்குத் தெரியாம யாரு ஏறுறது? நான் பாக்கணும்."

மூன்றாவது வளைவில், அகலமான ஓரத்தில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. அஸ்லம் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மணி நாலு பத்து.

பம்பரில் யாரும் இல்லை.

ஆனால் முழு பம்பரும் மழையில் நனைந்திருந்தது, நடுவில் ஓரிடம் தவிர. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் முதல் துளி விழுந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி.

பானெட்டைத் தூக்கினாள். பக்கவாட்டில் நின்று குனிந்து பார்த்தாள். கரண்டு ஃபேன் இரண்டும் நின்றிருந்தன. பழைய ஃபேன் இருந்த இடம் காலி. தண்ணீர் பம்பின் புல்லி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹோ... என்ற சத்தம் அந்தக் காலி இடத்திலிருந்து வந்தது.

அவள் கழுத்துத் துண்டின் ஒரு முனை எழும்பியது. காலி இடத்தை நோக்கி நீண்டது. யாரோ பிடித்துச் சுருட்டுவது போல முறுக்கிக்கொண்டது.

கழுத்து இறுகியது.

புல்லியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள்.

"அண்ணே, ஸ்டாப்பர இழுங்க."

அஸ்லம் ஓடிப்போய் இழுத்தார். இன்ஜின் நின்றது. பெல்ட் நின்றது. புல்லி நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

இழுப்பும் நிற்கவில்லை.

ஒரு கையைக் கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவே நுழைத்தாள். தலையை வெளியே உருவினாள். அப்போதே துண்டை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவள் விடவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். பம்பரில் காலை ஊன்றினாள்.

ஏன் விடவில்லை என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். "இன்னைக்குத் துண்ட விட்டா நாளைக்கு வண்டிய விடணும்" என்றாள்.

"விடு" என்றாள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து.

இழுத்தது.

"நீ யாரா வேணா இரு. வண்டி என்னுது."

உள்ளங்கைத் தோல் எரிந்தது. அரை அடி உள்ளே போனாள். அரை அடி வெளியே இழுத்தாள்.

அஸ்லம் ஓதிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? ஓட்டுறதும் நான்தான்."

ஹோ...

ஹோ...

நின்றது.

பவானி துண்டோடு ரோட்டில் மல்லாக்க விழுந்தாள். மணி நாலு பத்தொன்பது. கையில் இருந்த துண்டு கயிறாக முறுக்கிக் கிடந்தது. டேஷ்போர்டில் சிவப்பு பல்பு எரிந்தது. முன்னால் கரண்டு ஃபேன் இரண்டும் ஓடத் தொடங்கின.

அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். பானெட்டை மூடினாள்.

"ஏறுங்கண்ணே."

"நான் நடந்தே வந்துர்றேன் தாயி."

"சரி. பாத்து வாங்க."

தனியாகவே ஓட்டினாள். நாலு ஐம்பதுக்கு வண்டி குமுளி மண்டியில் நின்றது. நூர் முகம்மது கடிகாரத்தைப் பார்த்தார், ஆளைக் கூப்பிட்டுத் தார் இறக்கச் சொன்னார். லோடு அவளிடமே நின்றது. திங்கட்கிழமை ஆசாத் வயரிங்கை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். ஃபியூஸ் போகவில்லை. ஒரு வயர் கூடச் சுடவில்லை.

பவானி அத்தோடு விடவில்லை. இரண்டு வாரம் கழித்து வடுகபட்டிக்குப் போய், மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்த கர்ணனைப் பிடித்தாள்.

"அந்த ஃபேனு யாரைக் கொன்னுச்சு? மறைக்காம சொல்லுங்க."

"யாரையும் கொல்லலம்மா" என்றார் கர்ணன். "என்கிட்ட அழகுமலைன்னு ஒருத்தர் பதினோரு வருசம் அந்த வண்டிய ஓட்டுனாக. தொண்ணூத்தேழுல குமுளி ரோட்டு மூணாவது வளைவுல, தண்ணி ஊத்தக் குனிஞ்சவக துண்டு ஃபேனுல மாட்டிக்கிச்சு. கழுத்தெலும்பு போச்சு. உசுரு போகல. பேச்சுமில்ல, கை கால் அசைவுமில்ல. அடுத்த தெருவுலதான் வீடு. போய்ப் பாருங்க."

அப்படியானால் செத்தவர் யாரும் இல்லை. பவானி குழப்பத்தோடுதான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே மாலை போட்ட போட்டோ. துக்கம் கேட்க வந்தவள் என்று நினைத்து, அழகுமலையின் சம்சாரம் பிச்சையம்மாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"என்னைக்கு இறந்தாக?"

"பதினாறு நாளாச்சு ஆத்தா. ஞாயித்துக்கெழம. ரேடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு, அதான் மணி நெனப்பிருக்கு. நாலே கால் தாண்டி நாலஞ்சு நிமிசம்."

பவானி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏழு வருசமா ஒரு வார்த்தை பேசாத மனுசன். அன்னைக்கு நாலு மணியிலருந்து மூச்சு வாங்குனாக. பாரம் இழுக்கிற மாடு மாதிரி. நான் தண்ணி எடுக்கப் போறேன்... பின்னாடி பேச்சு கேக்குது. தெளிவா. 'சரி ஆத்தா, நீயே ஓட்டு'ன்னாக. திரும்பிப் பாத்தா உசுரு இல்ல."

பிச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"குளிப்பாட்டயிலதான் பாத்தோம். ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு ரத்தங் கட்டிக் கெடக்கு. கயிறு இழுத்த மாதிரி. ஏழு வருசமா வெரல் கூட அசையாத கை ஆத்தா..."

பவானி தன் உள்ளங்கைகளை மடியில் மூடி வைத்துக்கொண்டாள். புண் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது.

"நீ யாருன்னு கேக்கலையே. எந்த ஊரு ஆத்தா?"

பவானி போட்டோவைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"சின்னமனூரு. அவக வண்டிய ஓட்டுறவ."