பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர்

பெற்றோல் வரிசையில் நாங்கள் காய்ந்துகொண்டிருந்த காலத்தில், என் மச்சான் தன் ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மின்மோட்டார் பூட்டினான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி; அவனுக்கும் நான் மச்சான்தான். மதுரங்குளியில் துணிக்கடையில் வேலைக்கு நின்றவன். நானோ பாலாவிச் சந்தியில் பதினைந்து வருடமாகக் கராஜ் வைத்திருப்பவன். அந்த யோசனை முதலில் எனக்குத்தான் வந்தது. அப்போது, இருக்கிற வேலையைப் பாருங்கள் என்றாள் மனைவி. தம்பி செய்ததும் மாஷா அல்லாஹ் என்றாள். வயிறு எரியாதா?

பற்றரி நுரைச்சோலை வரைக்கும்தான் தாங்கும் என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன். அங்கே அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மின்வெட்டு. போன இடத்தில் எங்கே சார்ஜ் ஏற்றுவது? நாசமாய்ப் போனவன் அதற்கும் வழி கண்டான். கல்யாண வீடுகளில் வைக்கிற சின்ன ஜெனரேட்டர் ஒன்றைப் பின்சீட்டுக்குப் பின்னால் பொருத்தினான். வண்டி ஓட ஓட அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றியது. கொஞ்சப் பெற்றோலோடு கற்பிட்டிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். சந்தியே திரண்டு பார்த்தது. என் கராஜ் வாசலில் நின்றவர்களும் அங்கேதான் போனார்கள்.

ஒருநாள் அவனே வண்டியைக் கொண்டுவந்து, எல்லாம் சரியா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். குனிந்தவுடனே கண்டேன். ஜெனரேட்டரின் புகைக்குழாய் சீட்டுக்கு அடியிலேயே முடிந்திருந்தது. மழைக்குப் பக்கத் திரையாகக் கட்டிய படங்கை இறக்கினால் புகை உள்ளேயே நிற்கும், ஆளை மயக்கிவிடும். சொல்ல வாயெடுத்தேன். சந்தியில் நின்ற கூட்டம் நினைவுக்கு வந்தது. நாலு பேர் தலைசுற்றி இறங்கட்டும், பிறகு தெரியும் யார் மெக்கானிக் என்று.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

மூன்றாம் நாள்தான் மழை பிடித்தது. மகளுக்குக் காய்ச்சல். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போக மனைவி தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை, அதனால் அவன் வாசலிலேயே ஜெனரேட்டரைப் போட்டான். மனைவியும் மகளும் ஏறினார்கள். படங்கு இறங்கியது. நான் செருப்பும் போடாமல் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

புகைக்குழாயைக் காட்டினேன். மச்சான் குனிந்து பார்த்தான்.

"அண்டைக்கு நீங்க பாத்தீங்கதானே மச்சான்?"

கோபத்தில் கேட்கவில்லை. அன்று என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றே நம்பினான். ஓம், கவனிக்கவில்லை என்று சொன்னேன். மனைவி மகளை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் ஒரு குழாயைத் தவறவிடாது என்று அவளுக்குத் தெரியும்.

படங்கைச் சுருட்டிக் கட்டி, மகளை ரெயின்கோட்டால் போர்த்தி அனுப்பினேன். பின்னேரமே குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிக் கொடுத்தேன். மச்சான்தான் உயிரைக் காப்பாற்றினார் என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தான் அவன். அந்த நல்ல மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மனைவி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, நான் சரி என்று சொன்ன வண்டியில் மகளை ஏற்றுவதற்கு முன்னால், அவள் தானே ஒருதரம் குனிந்து பார்க்கிறாள்.