முசே பஞ்சநாதனின் பங்கு

அஞ்சுகத்துக்குப் பதினாறு வயதில் ஒரு சைக்கிள் கிடைத்தது. ஆம்பிளை சைக்கிள். சைகோனுக்குக் கப்பலேறிய நூர் அகமது மரைக்காயர், தன் வீட்டுக்குப் பல வருஷம் மீன் கொடுத்த அவளுடைய அம்மாவுக்கு அதை விட்டுப்போனார். அம்மாவுக்கு அப்போது முழங்கால் வீங்கி, எழுந்து நிற்பதே பெரும்பாடு. சைக்கிளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று மரைக்காயர் யோசித்ததாகத் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இது ஐம்பத்திரண்டில். காரைக்காலில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான். என் மாமா கடற்கரை கிளப்பில் சமையல்காரர். அதனால் இந்தக் கதையில் பாதி எனக்கு அடுப்படி வழியாக வந்தது. மீதியை அஞ்சுகமே சொன்னாள்.

தண்ணீர் வடிந்த ஈர மணலில் அவள் தானாக ஓட்டப் பழகினாள். பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டி, பின்னால் மீன்கூடையை வைத்துக்கொண்டு, அம்மா நடந்து விற்ற தலத்தெருவுக்குச் சைக்கிளில் போனாள். மீனவர் குப்பமே வாயில் விரலை வைத்தது. அவளுடைய அப்பா காத்தமுத்து, கரையோரம் நின்று பல பேர் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்குத் தலைவர், அதிகம் பேசாதவர். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கூடையத் தூக்கி நடந்து போறவளுவோ திரும்புறதுக்கு முன்னாடி நீ வீட்டுல இருக்கணும். அவளுவோளுக்குப் பின்னாடி வந்தா வண்டி எதுக்கு? வித்துடுவேன்."

நியாயம்தான். அவளும் ஒப்புக்கொண்டாள். குப்பத்துக்கும் தலத்தெருவுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் மகள் இல்லை, யாரும் அவளை வேலை ஏவ முடியாது. அதற்காக அவள் எதற்கு வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டிருப்பாள்.

வழி கிளப்பின் காலி மனைக்குள் போனது. அந்த மனையில் சாயங்காலம் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். அஞ்சுகத்தின் சக்கரம் தினமும் ஒரே இடத்தில் ஓடி, தரையில் ஒரு பள்ளக்கோடு விழுந்தது. ஒரு நாள் கிளப் காரியதரிசி பஞ்சநாதன் உருட்டிய குண்டு, போக வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டது. அவர் தோற்றார். மறுவாரம் மனையைச் சுற்றி முள்கம்பி வந்தது.

பிரெஞ்சு படித்தவர்களை முசே என்பது ஊர் வழக்கம். அஞ்சுகம் முசே பஞ்சநாதனிடம் போய் வழி கேட்டாள். அவர் எழுந்து நின்று, "மத்மசேல், இது கிளப்புக்குச் சொந்தமான நிலம்" என்றார். அவளை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாகப் பாதி தூரம் வந்த பிறகுதான், அவர் வழி தரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

கூடைக்காரிகளுக்குக் கம்பியால் தொந்தரவு இல்லை. அடியில் குனிந்து போனார்கள். கிளப் காவல்காரனும் கண்டுகொள்ளவில்லை. சைக்கிளுக்குக் குனியத் தெரியாது. அஞ்சுகம் பனங்காட்டு மணலில் சுற்றித் தள்ளிக்கொண்டு போய், கூடைக்காரிகளுக்குப் பின்னால் வீடு திரும்பினாள். தருமபுரத்து டீக்கடைக்காரர் ஒருவர் சைக்கிளைக் கேட்டிருந்தார். அமாவாசை கழித்து வந்து எடுத்துக்கொள்ளும்படி அப்பா சொல்லியனுப்பினார். சொன்னது சொன்னதுதான் அவருக்கு.

அந்த வாரம்தான் பூசை போட்டு, பருவத்தின் முதல் கரைவலையை இறக்கினார்கள். முசே பஞ்சநாதன் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சிரித்தபடி வலைக்கயிற்றைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தார். விருந்தாளி போட்டோ எடுத்தார்.

மீனைக் கூறு போடும்போது அஞ்சுகம், "அப்பா, முசேயும் கயிறு புடிச்சாரு" என்றாள்.

எதற்குச் சொன்னாய் என்று பின்னால் ஒரு தடவை கேட்டேன். "புடிச்சாருல்ல?" என்றாள்.

முதல் வலையில் கயிறு பிடித்தவனுக்கு அந்தப் பருவம் முழுக்கப் பங்கு உண்டு என்பது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. காத்தமுத்து இன்னொரு கூறு போட்டார். அன்று முதல் தினமும் யாராவது ஒருத்தி கம்பிக்கடியில் குனிந்து போய், முசேயின் பங்கை என் மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். குப்பம் தனக்கு மரியாதை செய்கிறது என்று முசே நினைத்துக்கொண்டார். மாமா வாளையைப் பொரித்தார், நெத்திலியைக் குழம்பு வைத்தார். கிளப்பே சாப்பிட்டது.

பங்கு வாங்குகிறவன் தினமும் கயிறு இழுக்க வர வேண்டும் என்று முசேயிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்று குப்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் காத்தமுத்துவும் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளப்புக்கு வந்தார்கள். அஞ்சுகம் சைக்கிளோடு கம்பிக்கு வெளியே நின்றாள். மாமா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"முசே, கயிறு இழுக்க நீங்க வரலீங்களே. ஒடம்பு சரியில்லீங்களா?" என்று காத்தமுத்து உண்மையான கவலையோடு கேட்டார்.

"நான் எதுக்கு இழுக்கணும்?"

"பங்கு சாப்புட்டீங்களே."

குண்டு விளையாட்டு நின்றது. சாப்பிட்ட எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். விடியற்காலையில் மார்பளவுத் தண்ணீரில் நின்று பருவம் முழுக்க இழுக்க வேண்டும், இல்லையென்றால் பதிலுக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும் என்று காத்தமுத்து பொறுமையாக விளக்கினார். கிளப்பில் யாரும் ஆளாகப் போக முன்வரவில்லை. முசே கம்பியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"ஆளுக்குப் பதிலா வழி விட்டுடறேன். ஒங்க பொண்ணு சைக்கிள்ல போயிக்கட்டும்."

"வழி எங்களுக்கு எதுக்குங்க? ஆளுதான் கொறையுது" என்றார் காத்தமுத்து.

அஞ்சுகத்துக்கு, பெற்ற அப்பாவே கதவைச் சாத்துகிறாரே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்ததாம். சைக்கிளை மணலில் போட்டுவிட்டு, கம்பிக்கடியில் குனிந்து உள்ளே வந்தாள்.

"அப்பா, முசேக்குப் பதில் ஆளா நான் இழுக்குறேன். நீங்க வழிய வாங்கிக்குங்க."

பஞ்சாயத்தாரில் மூத்தவர் மாணிக்கவேல் தலையை ஆட்டினார். "பொம்பளை கயிறு புடிக்கிறது வழக்கம் இல்ல தாயி."

"நான் பொம்பளையாவா புடிக்கிறேன் பெரியப்பா? முசேயா புடிக்கிறேன்."

பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டில் இதற்கு எதிராக ஒன்றும் அகப்படவில்லை. முசேக்கும் சம்மதம். மறுநாள் காவல்காரன் சைக்கிள் போகிற அளவுக்குக் கம்பியை வெட்டினான். டீக்கடைக்காரர் வந்து, டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

அதற்குப் பிறகு அஞ்சுகம் விடியற்காலையில் மற்றவர்களோடு தண்ணீரில் நின்று கயிறு இழுத்தாள். கைத்தோல் உரிந்தது. கூறு போடும்போது காத்தமுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "முசே பஞ்சநாதன்" என்று கூப்பிட்டதும் அஞ்சுகம் போய்ப் பங்கை வாங்கிக்கொள்வாள். அவள் அதைக் கூடையில் போட்டு, கிளப் மனை வழியாகச் சைக்கிளை விட்டுக்கொண்டு போவாள். கிளப்புக்கு மீன் நின்றுபோனதில் என் மாமாவுக்குக் கடைசிவரை வருத்தம்தான்.

ஐம்பத்துநாலில் கொடி மாறியது. கிளப்பைப் பூட்டினார்கள், முசே பஞ்சநாதன் பிரான்சுக்குப் போய்விட்டார். முள்கம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். குப்பத்தில் மட்டும் அவருடைய பங்கு அப்படியே நடந்தது. பருவத்துக்குப் பருவம் முதல் வலையில் முசேயின் பெயரில் கயிறு பிடித்து வந்த அஞ்சுகம், கொடி மாறிய பிறகு வந்த முதல் வலையிலும் பிடித்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, வழக்கமாகிவிட்டது.

அன்று காத்தமுத்து கூறு போட்டு, பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முசேயின் முறை வந்ததும் அஞ்சுகம் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அப்பா வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மீனைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"அஞ்சுகம்" என்று கூப்பிட்டார்.

அவளுக்குப் போக வேண்டும் என்றே தோன்றவில்லையாம். யாரையோ கூப்பிடுகிறார் என்று நின்றுகொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டார்.