துரை மாடும் றஸீனாவின் நாம்பனும்

ஓட்டமாவடி பக்கீர் இறைச்சிக்கு மாடு வளர்த்து விற்பவர். ஆனால் நாட்டு மாட்டைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்று தன்னுடைய பட்டியையே பழிப்பார். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அயலவர்களின் பட்டிகளுக்கும் அதே மரியாதைதான்.

மலைநாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், லொறியில் ஒரு சீமைக் காளையோடு, ஊர்ப் பேச்சில் சீமை நாம்பனோடு, திரும்பி வந்தார். மதில்போல உடம்பு, வெள்ளைத் தோல். ஊர் அன்றைக்கே அதற்குத் 'துரை' என்று பேர் வைத்துவிட்டது.

இனி துரையின் கன்றுகள் மட்டும்தான் பிறக்க வேண்டும் என்று பக்கீர் முடிவெடுத்தார். அடுத்த பட்டிகளின் நாம்பன்கள் உள்ளே வராதபடி, வாவிக்கரையோரம் கம்பி வேலி அடித்துப் பசுக்களை உள்ளே விட்டார். பட்டியைப் பார்த்துக்கொள்ளும் தங்கராசாவிடம் சொல்லித் தன்னுடைய நாட்டு நாம்பன்கள் எல்லாவற்றையும் நலமடிக்க வைத்தார். இனி அவை உழைக்கலாம், கொழுக்கலாம், அப்பனாக முடியாது.

ஒன்று மட்டும் தப்பியது. அது பக்கீரின் மனைவி றஸீனா வீட்டு வளவில் கட்டி வளர்த்த நாம்பன். அவள் சீதனமாகக் கொண்டுவந்த நாட்டுப் பசுவுக்கு மிருக வைத்தியர் சாஹிவால் இனத்துச் சினை ஊசி போட்டுப் பிறந்தது. திமிலும் தொங்கும் தோலுமாய் நின்ற அதைப் பக்கீர் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பானுக்கு நினைத்த மாடு, முழு மாடாக நிற்கட்டும், கத்தியோடு கிட்ட வரக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

சித்திரை வந்தது, பின்னாலேயே கச்சான் காற்றும் வந்தது. அடுப்பைத் திறந்துவிட்டதுபோல வெக்கை. துரை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தார். றஸீனா வந்து குழாயால் தண்ணீர் பீச்சினாள். கட்டிய புருசனுக்குக்கூட இவ்வளவு தண்ணீர் வார்த்திருக்க மாட்டாள் என்று ஊர் சிரித்தது. கடைசியில் துரை வாவிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் எருமைபோலக் குந்திவிட்டார்.

தங்கராசா பக்கீருக்குப் போன் எடுத்தார்.

"காக்கா, பசுவெல்லாம் கரையில நிண்டு கத்துது. துரை திரும்பியும் பாக்கிறார் இல்ல. இந்த வருசம் கண்டு இல்லையெண்டு வெச்சுக்கங்க."

பக்கீர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடம் கன்று விழாவிட்டால் வயிறு கழுவப் பசுக்களையே விற்க வேண்டும். பிறகு பட்டி எங்கே? ஊசி போடலாமென்றால், காட்டில் வளர்ந்த பசுக்கள் கயிற்றைக் கண்டாலே வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடும். அயலவர்களிடம் நாம்பன் கேட்கலாமென்றால், கடையில் பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு போவது?

வளவுக்குள் போய், ஒட்டகத்தின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். றஸீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்ச பாருங்க, அது ஒட்டகமெல்லோ. அதுக்கிட்ட என்ன வேலை?"

"ஒட்டகமெண்டபடியாத்தான் வெயில் தாங்குது, புள்ள. இதைத் தந்தாத்தான் பட்டி தப்பும்."

"அப்ப என்ட குர்பான்?"

இருவருமாக மௌலவியிடம் போய்க் கேட்டார்கள். வாயால் நேர்ந்ததல்ல, மனதில் நினைத்ததுதானே, அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றார் அவர். வளவிலும் வாவியிலும் அதைவிடக் கொழுத்தது துரைதான். நோய் நொடி ஒன்றுமில்லை, வெயில் மட்டும்தான் ஆகாது. நாலடி நடக்கவே பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடந்த துரை, அந்தப் பெருநாளைக்குத் தெருவெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்.

றஸீனாவின் நாம்பன் வேலிக்குள் போன வேகத்தைத் தங்கராசா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாசியில் கன்றுகள் விழுந்தன. நாட்டு மாட்டின் கால், சாஹிவாலின் திமில், நல்ல உடம்பு. அடுத்த கச்சானில் தங்கராசாவே மர நிழலுக்கு ஓடும் உச்சி வெயிலில் அவை தங்கள் பாட்டுக்கு மேய்ந்தன. பக்கீர் வேலியோரம் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். கடையிலும் இப்போது யார் கேட்டாலும் அது றஸீனாவின் கூட்டம் என்றுதான் சொல்கிறார்.

குறி சுடும் நாள் வந்தபோது, பரம்பரைக் குறியை ஒதுக்கி வைத்துவிட்டு, கொல்லனிடம் புதிதாக அடித்த இரும்பை நெருப்பில் போட்டார். ஒவ்வொரு கன்றின் தொடையிலும் 'ற' விழுந்தது. றஸீனாவைக் கூட்டிவந்து காட்டினார்.

"என்ட பேரைப் போட உங்களுக்கு மாட்டுட பின்பக்கம்தானா கிடைச்சிது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், பின்னேரமே ஏறாவூர்த் தங்கை பஹீமாவுக்குப் போன் எடுத்து, எந்தக் கன்றில் எழுத்து வடிவாக விழுந்திருக்கிறது என்பதுவரை சொல்லித்தான் வைத்தாள்.